நவம்பரில் வெயில் அடித்தால் உண்ணியும் வெளியே வரும்

கனடாவுக்கு, குறிப்பாக டொராண்டோ, ஸ்கார்பரோ, மார்க்கம் பக்கம் புதிதாக வந்திருக்கிறவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். இலையுதிர் காலத்தின் கடைசியில், எல்லோரும் குளிர்கோட்டை எடுத்து மாட்டிய பிறகு, திடீரென்று நாலைந்து நாள் நல்ல வெயில் அடிக்கும். ஊரே வீட்டை விட்டு வெளியே வந்துவிடும். அந்த நாட்களில் புல், புதர், காய்ந்த இலைக் குவியல் இருக்கிற இடத்துக்குப் போனால் உண்ணி கடிக்கலாம். அந்த உண்ணியிடமிருந்து லைம் நோய் என்கிற பாக்டீரியா தொற்று வரலாம். வந்தால் அது நம் நிறத்துத் தோலில் விளம்பரத் தாளில் போட்டிருக்கும் படத்தைப் போலத் தெரியாது. இந்த மூன்றையும் யாராவது எனக்கு முன்னாடியே சொல்லியிருந்தால் என் முகத்தின் ஒரு பக்கம் வேலை செய்யாமல் போயிருக்காது.

2022 நவம்பர் முதல் வாரம். அந்த நேரத்தில் டொராண்டோவில் பகல் வெப்பம் 10 டிகிரியை ஒட்டித்தான் இருக்க வேண்டும், மாதம் போகப் போக இன்னும் இறங்கும். ஆனால் அந்த வாரக் கடைசியில் 20 டிகிரியைத் தாண்டிவிட்டது. நான் ஸ்கார்பரோவில் ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்தின் வீட்டு பேஸ்மென்ட்டில் தனியாக இருந்தேன். கணவருக்கு இன்னும் விசா வரவில்லை, அவர் கரூரில். ஏஜென்சி மூலம் ஒரு வேர்ஹவுஸில் வேலை, மணிக்கு 15.50 டாலர், அந்த அக்டோபரில்தான் ஒன்டாரியோவில் குறைந்தபட்சக் கூலியை அந்த அளவுக்கு ஏற்றியிருந்தார்கள். நவம்பர் 5 சனிக்கிழமை. மறுநாள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைக்கிற நாள், அதற்கப்புறம் சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். இந்த வருடத்தின் கடைசி வெயில் இதுதான் என்று வேலையிடத்தில் எல்லோரும் சொன்னார்கள். கூட வேலை செய்யும் இரண்டு பெண்களோடு ரூஜ் பூங்காவுக்குப் போனேன்.

ரூஜ் தெரியாதவர்களுக்கு: ஸ்கார்பரோவின் கிழக்கு ஓரத்தில், டொராண்டோ மிருகக்காட்சி சாலையை ஒட்டி இருக்கிற தேசிய நகர்ப்புறப் பூங்கா அது. கனடாவின் முதல் தேசிய நகர்ப்புறப் பூங்கா. உள்ளே போகக் கட்டணம் கிடையாது, நகரப் பேருந்திலேயே போய் இறங்கலாம், அதனால் கார் இல்லாத எங்களைப் போன்றவர்களுக்கு அது பெரிய வரம். ஓடை, மேப்பிள் மரம், மான். அன்றைக்குக் கூட்டம் நெரிந்தது. பிள்ளைகள் அரைக்கால் சட்டையில் இலைக் குவியலில் விழுந்து புரண்டுகொண்டிருந்தார்கள். நானும் முக்கால் பேன்ட் போட்டுக்கொண்டு, ஆற்றோரத்துப் புல்லில் நடந்து, காய்ந்த இலைமேல் உட்கார்ந்து கொண்டுபோன புளிசாதத்தைச் சாப்பிட்டு, கணவருக்கு வீடியோ காலில் எல்லாவற்றையும் காட்டிவிட்டு வந்தேன். அந்த நாள் உண்மையாகவே அழகான நாள். அதை இன்றைக்கும் குறை சொல்ல மாட்டேன்.

உண்ணி கடித்தது எனக்குத் தெரியவே தெரியாது. லைம் வந்தவர்களில் நிறையப் பேருக்கு அப்படித்தான் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அது கடிக்கும்போது வலிக்காது, அரிக்காது, அதன் எச்சிலிலேயே உணர்வை மழுங்கடிக்கும் பொருட்கள் இருக்கின்றன. நம் ஊரில் மாட்டின் காதிலும் மடியிலும் கொழுத்துத் தொங்கும் உண்ணியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, இங்கே லைமைப் பரப்புகிற கருங்கால் உண்ணி ஒரு பொருட்டாகவே படாது. ரத்தம் குடிக்காத நிலையில் வளர்ந்த உண்ணி எள் அளவுதான். இளம் உண்ணி இன்னும் சின்னது, கசகசா அளவு.

இந்த உண்ணியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் பலரும், மருத்துவர்கள் உட்பட, வழுக்கி விடுகிறார்கள். உண்ணி என்றால் கோடைக்காலத்து விஷயம் என்று எல்லோர் மனதிலும் பதிந்திருக்கிறது. இங்கே நாய்களிடம் அதிகம் பார்க்கும் இன்னொரு வகை உண்ணிக்கு அது சரி, அது வசந்தத்திலும் கோடையிலும்தான் திரியும், அதனிடமிருந்து லைம் பரவுவதும் இல்லை. கருங்கால் உண்ணியின் கணக்கு வேறு. கசகசா அளவு இளம் உண்ணிகள் வசந்தத்தின் கடைசியிலும் கோடையிலும் வரும். வளர்ந்தவை முதலில் வெளியே வருவதே இலையுதிர் காலத்தில்தான், அக்டோபர் நவம்பரில்தான் அவற்றின் நடமாட்டம் உச்சத்தில் இருக்கும். மானைத் தேடித்தான் வருகின்றன, நாம் குறுக்கே போகிறோம். முழங்கால் உயரப் புல்நுனியில் ஏறி முன்னங்கால்களை நீட்டிக்கொண்டு காத்திருக்கும். மூச்சில் வரும் கரியமில வாயுவையும் உடல் சூட்டையும் அறிகிற உறுப்பு அந்தக் கால்களில் இருக்கிறது. உரசிப் போகிற துணியையோ தோலையோ பற்றிக்கொள்ளும். குதிக்காது, பறக்காது, மரத்திலிருந்து தலையில் விழுவதும் இல்லை.

காற்றின் வெப்பம் 4 டிகிரிக்கு மேல் இருந்தாலே இது சுறுசுறுப்பாக நடமாடும் என்று கனடாவின் சுகாதாரத் துறையே சொல்கிறது. குளிர் வந்தால் செத்துப்போவதில்லை, காய்ந்த இலைக்கு அடியில் போய் ஒடுங்கிக்கொள்ளும், மேலே பனி விழுந்தால் அந்தப் பனியே அதற்குப் போர்வை. வெயில் அடித்த அன்றைக்கு எழுந்து வந்துவிடும். ஆக நவம்பரில் 20 டிகிரி என்றால் அதற்கும் கொண்டாட்டம், நமக்கும் கொண்டாட்டம், இரண்டு பேரும் ஒரே இடத்தில். இன்னொரு விஷயமும் உண்டு. வளர்ந்த உண்ணி அதற்குள் இரண்டு முறை ரத்தம் குடித்து முடித்திருக்கும், குஞ்சாக இருக்கும்போது ஒரு முறை, இளசாக இருக்கும்போது ஒரு முறை, பெரும்பாலும் வெள்ளைக்கால் எலி மாதிரியான சின்னப் பிராணிகளிடம். அந்த எலிகளிடமிருந்துதான் லைம் கிருமி உண்ணிக்குள் போகிறது. இரண்டு முறை குடித்ததில் கிருமி ஏற இரண்டு வாய்ப்பு. அதனால் இளம் உண்ணியைவிட வளர்ந்ததில் கிருமி இருக்கும் வாய்ப்பு அதிகம்.

சரி, என் கதைக்கு வருகிறேன். ரூஜுக்குப் போய்வந்து இரண்டு வாரம் போல இருக்கும். வலது முழங்காலுக்குப் பின்பக்கம், கொஞ்சம் மேலே, தொடையில் ஒரு கருநீலத் திட்டு. வலியில்லை, லேசான சூடு இருந்தது. வேர்ஹவுஸில் நாள் முழுக்கப் பலகைகளிலும் வண்டிகளிலும் இடித்துக்கொள்கிற ஆளுக்குக் காலில் கன்றிப்போன தடம் இருப்பது புதிதல்ல. ஆனால் இது கன்றலைப் போல நாளாக ஆக மங்கவில்லை, பெரிதாகிக்கொண்டே போனது. முதலில் ஐந்து ரூபாய் நாணய அளவு, பிறகு உள்ளங்கை அளவு. கூடவே காய்ச்சல், குளிர், பிடரி வலி, எழுந்து நிற்க முடியாத அசதி. அம்மாவுக்குக் காட்ட அந்தத் திட்டைப் போனில் படம் பிடித்து அனுப்பினேன். அம்மா வேப்பிலை அரைத்துப் போடச் சொன்னார், ஸ்கார்பரோவில் வேப்பிலைக்கு எங்கே போவது என்று இரண்டு பேரும் சிரித்தோம். அந்தப் படம் பின்னால் எனக்கு எவ்வளவு உதவப்போகிறது என்று அப்போது தெரியாது.

குடும்ப மருத்துவர் இன்னும் அமையவில்லை, அதனால் பக்கத்தில் இருந்த, முன்பதிவு இல்லாமலே போகக்கூடிய வாக்-இன் கிளினிக்குக்குப் போனேன். அது ஃப்ளூவும் கோவிடும் இன்னொரு சுவாச வைரஸும் ஒன்றாகச் சேர்ந்து அடித்த நவம்பர், குழந்தைகள் மருத்துவமனைகள் நிரம்பி வழிந்த நேரம். உட்காரக்கூட இடமில்லை. காய்ச்சலைச் சொன்னதும் அங்கிருந்த மருத்துவர் வைரஸ் என்றார். திட்டைக் காட்டினேன், அடிபட்டதாக இருக்கும் என்று ஒரு களிம்பு எழுதினார். வேலையிடத்தில் ஒரு பிலிப்பினோ பெண் உண்ணியாக இருக்குமோ என்று கேட்டிருந்தார், அதனால் நான் உண்ணியா என்று வாய்விட்டே கேட்டேன். அவர் ஜன்னல் பக்கம் கையைக் காட்டி, வெளியே பனி கிடக்கிறது, உண்ணிக் காலமெல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டார். மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது. எனக்கு அந்த மனிதர்மேல் வெகுநாள் கோபம் இருந்தது. அன்றைக்கு வெளியே பனி கிடந்தது உண்மைதான். ஆனால் கடித்தது அன்றைக்கு இல்லையே. திட்டு வருவதற்குக் கடித்ததிலிருந்து 3 நாள் முதல் 30 நாள் வரை ஆகும். அவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, கடந்த ஒரு மாதத்தில் நீ எங்கே போனாய் என்பதுதான். நீங்கள் இந்த நிலையில் இருந்தால், அவர் கேட்காவிட்டாலும் நீங்களே முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்: இன்ன தேதியில், 20 டிகிரி வெயிலில், ரூஜ் காட்டில் இருந்தேன், அங்கே லைம் உண்ணி இருக்கிறது என்று. தேதியும் இடமும் சொன்னால் கேட்கிறவருக்கு அதை ஒதுக்குவது கடினம்.

அந்தத் திட்டைப் பற்றி ஒரு விஷயம், நம்மவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. லைம் என்று தேடினால் வருகிற படம் எல்லாம் வெள்ளைத் தோலில் சிவப்பு வட்டம், நடுவே ஒரு புள்ளி, அம்பு எய்யும் இலக்குப் பலகை. முதல் விஷயம், அந்த வட்ட வடிவம் எல்லோருக்கும் வருவதில்லை, பலருக்கு வெறும் ஒரே நிறத் திட்டாக விரிந்துகொண்டே போகும். இரண்டாவது, மாநிறத்திலும் கறுப்புத் தோலிலும் அது சிவப்பாகத் தெரியாது. கருநீலமாக, கத்தரிப்பூ நிறமாக, கன்றிய தடமாக, சில நேரம் சுற்றியிருக்கும் தோலைவிடக் கொஞ்சம் கறுத்ததாக மட்டும் தெரியும். லைம் வந்தவர்களில் பத்துக்கு ஏழு எட்டுப் பேருக்குத் திட்டு வருகிறது என்கிறார்கள், வந்தும் கண்டுபிடிக்கப்படாமல் போவது நம் மாதிரி நிறத்தவர்களுக்கு அதிகம் நடக்கிறது. ஆகவே நிறத்தைப் பார்க்காதீர்கள், அது வளர்கிறதா என்று பாருங்கள். பேனாவால் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டுவிடுங்கள். மறுநாள் கோட்டைத் தாண்டியிருக்கிறதா? பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துத் தினமும் ஒரு படம் எடுத்து வையுங்கள். 5 சென்டிமீட்டருக்கு மேல் விரிந்துகொண்டே போகிற திட்டு என்றால் மருத்துவரிடம் அந்தப் படங்களோடு போங்கள். அடிபட்டதாக இருந்தால் அது பெரிதாகிக்கொண்டே போகாது, நிறம் மாறி மங்கும்.

திட்டு தானாகவே மறைந்துவிட்டது. காய்ச்சலும் விட்டது. இதுதான் இந்த நோயின் ஏமாற்று வேலை, மருந்தே போடாவிட்டாலும் முதல் கட்டம் அடங்கிவிடும். நான் வேலைக்குத் திரும்பினேன். டிசம்பர் நடுவில் ஒரு காலை, பல் தேய்த்துக் கொப்பளித்தால் தண்ணீர் வலது கடைவாய் வழியாக ஒழுகுகிறது. கண்ணாடியில் பார்த்தால் வலது பக்கம் மொத்தமாகத் தொங்கிப்போயிருந்தது. கண்ணை மூடினால் வலது கண் மூடவில்லை. மேல் வீட்டு அக்கா குடும்பம் விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போயிருந்தது. வீட்டில் நான் மட்டும். பக்கவாதம் என்றுதான் நினைத்தேன். என் பெரியப்பாவுக்கு அப்படித்தான் ஆரம்பித்தது. கை கால் நடுங்க, ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் ஆயிரக்கணக்கில் பில் வருமோ என்று ஒரு பக்கம் பயந்துகொண்டே 911ஐ அழைத்தேன். இங்கே எல்லோரும் கேட்டுக்கொள்ளுங்கள்: ஓஹிப் அட்டை, அதாவது ஒன்டாரியோ அரசின் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்து, உண்மையிலேயே தேவைப்பட்டு அழைத்தால் ஒன்டாரியோவில் ஆம்புலன்ஸுக்கு நாம் கட்ட வேண்டியது 45 டாலர். அந்த பில் பிறகு தபாலில் வந்தது. பணத்தை நினைத்து வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டாம். ஆங்கிலம் அந்த நேரத்தில் வாயில் வராது, தமிழ் என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் சேர்த்துக்கொள்வார்கள்.

எமர்ஜென்சியில் என்னைப் பார்த்த இளம் மருத்துவர் முதலில் புருவத்தை உயர்த்தச் சொன்னார். வலது புருவம் அசையவில்லை. மூளையில் வரும் பக்கவாதத்தில் பொதுவாக நெற்றி தப்பித்துவிடும், நெற்றியும் சேர்ந்து செயலிழந்தால் முகநரம்பில்தான் கோளாறு என்று விளக்கினார். இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டிலேயே கண்ணாடியில் பார்த்து முடிவு செய்ய வேண்டாம், முகம் கோணினால் உடனே மருத்துவமனைதான். அப்புறம் அவர் கேட்டார்: இந்த இலையுதிர் காலத்தில் காடு, புல்வெளி எங்காவது போனாயா, தோலில் ஏதாவது திட்டு வந்ததா? அழுகை வந்துவிட்டது எனக்கு. ஒரு மாதமாக யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்த கேள்வி. போனை எடுத்து அம்மாவுக்கு அனுப்பிய படத்தைக் காட்டினேன். அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, தேதியைப் பார்த்துவிட்டு, லைம் என்று நினைக்கிறேன், ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புகிறேன், ஆனால் முடிவுக்குக் காத்திருக்காமல் இன்றைக்கே மருந்தை ஆரம்பிக்கலாம் என்றார். இந்த நோய் இதயத்தின் மின்னோட்டத்தையும் தடுக்கும் என்பதால் ஈசிஜியும் எடுத்தார்கள், அது நன்றாக இருந்தது.

ரத்தப் பரிசோதனையைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அது கிருமியைத் தேடுவதில்லை, நம் உடம்பு அதற்கு எதிராக உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடுகிறது. அந்த எதிர்ப்பொருள் உருவாகச் சில வாரங்கள் ஆகும். அதனால் திட்டு வந்த முதல் நாட்களில் பரிசோதித்தால் லைம் இருந்தும் இல்லை என்று வர நிறைய வாய்ப்பு. அந்தக் கட்டத்தில் திட்டைப் பார்த்தே மருந்து கொடுப்பதுதான் முறை. "ரிசல்ட் நெகட்டிவ், வீட்டுக்குப் போ" என்று முதல் வாரத்தில் யாராவது சொன்னால் அத்தோடு விட்டுவிடாதீர்கள், சில வாரம் கழித்து மறுபடி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். எனக்கு அதற்குள் நாளாகிவிட்டதால் பாசிட்டிவ் என்றே வந்தது.

மருந்து டாக்ஸிசைக்ளின், 100 மில்லிகிராம், காலை ஒன்று இரவு ஒன்று, எனக்கு 21 நாள். அம்மாவிடம் பெயரைச் சொன்னதும், பக்கத்து வீட்டு அண்ணிக்குக் கார்த்திகை மாதம் உண்ணிக் காய்ச்சல் வந்தபோது இதே மாத்திரைதான் கொடுத்தார்கள் என்றார். அது வேறு கிருமி, வேறு பூச்சி, ஆனால் மருந்து அதேதான். அம்மாவுக்குத் தெரிந்த பெயர் என்பதே அன்றைக்கு எனக்குப் பெரிய தெம்பு. மாத்திரையை ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு போட வேண்டும், போட்டு அரை மணி நேரமாவது படுக்கக்கூடாது, இல்லையென்றால் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். பால், இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை எதையும் அதோடு சேர்த்துப் போடக்கூடாது, மருந்து உடம்பில் ஏறாது. வெயில் பட்டால் தோல் சிவந்து எரியும். கர்ப்பமாக இருப்பவர்கள் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், வேறு மருந்து தருவார்கள்.

மாத்திரைக்கு நாற்பது டாலருக்குள்தான் ஆனது. செலவு வேறு இடத்தில் இருந்தது. மூடாத கண்தான் பெரிய பாடு. பகலில் மணிக்கு ஒரு தடவை சொட்டு மருந்து, இரவில் களிம்பு போட்டு இமையை இழுத்து டேப் ஒட்டித் தூங்க வேண்டும். கண் காய்ந்தால் கருவிழியில் புண் விழுந்துவிடும். அந்தக் கிறிஸ்துமஸுக்கு முந்தைய பனிப்புயல் காற்றில் கண்ணைத் திறந்துகொண்டு நடந்தது இப்போது நினைத்தாலும் வலிக்கிறது. முகத்துக்குப் பிசியோதெரபி, ஒரு அமர்வுக்கு நூறு டாலரை ஒட்டி, என் வயதுக்கு ஓஹிப் அதைத் தருவதில்லை, ஏஜென்சி வேலையில் காப்பீடும் இல்லை. சில அமர்வு போய்விட்டு, பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்த பயிற்சிகளை வீட்டில் கண்ணாடி முன்னால் செய்தேன். வேலைக்குப் போகாமல் கைக்கு வராத சம்பளம் மட்டும் மூவாயிரம் டாலரைத் தாண்டியது. அதில் வாடகையும் ஊருக்கு அனுப்புகிற பணமும் அடக்கம். ஏஜென்சியில் எடுத்த எடுப்பில், நோய் விடுப்புக்குக் காசு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொல்லாமல் விட்டது, வேலைக் காப்பீட்டில் நோய்க்கால உதவி என்று ஒன்று இருக்கிறது என்பது. போதுமான மணி நேரம் வேலை பார்த்துக் காப்பீட்டுத் தொகை பிடிக்கப்பட்டிருந்தால் சம்பளத்தில் 55 சதவீதம் வரை கிடைக்கும், 2022 டிசம்பர் 18 முதல் அதை 15 வாரத்திலிருந்து 26 வாரமாகக் கூட்டியிருக்கிறார்கள். கடைசியாக வேலை பார்த்த நாளிலிருந்து நாலு வாரத்துக்குள் விண்ணப்பித்துவிட வேண்டும். நூலகத்தில் புதியவர்களுக்கு உதவ உட்கார்ந்திருந்த ஒரு பெண்தான் எனக்கு இதைச் சொன்னார். படுத்திருந்தாலும் முதல் வாரமே போனில் விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள்.

மேல் வீட்டு அக்கா ஜனவரியில் திரும்பி வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டுத் துடித்துப்போனார். "நாங்கள் இருவது வருசமா அங்க போய் வாறம், உண்ணி எண்டு ஒருத்தரும் சொல்லேல்ல பிள்ளை" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. 1990களின் தொடக்கம் வரை கனடாவிலேயே கருங்கால் உண்ணி நிலையாகக் குடியிருந்ததாகத் தெரிந்த இடம் ஈரி ஏரிக்கரையில் இருக்கும் லாங் பாயின்ட் ஒன்றுதான். பறவைகளின் உடம்பில் ஒட்டிக்கொண்டு வடக்கே வருவது எப்போதும் நடந்ததுதான், ஆனால் வந்து இறங்கிய இடத்தில் பிழைத்துக் குடும்பம் பெருக்க முடியாத அளவுக்குக் குளிர் இருந்தது. வெப்பம் கூடக்கூட அந்தத் தடை தளர்ந்துவிட்டது. லைமை நாடு முழுக்கக் கணக்கெடுக்க ஆரம்பித்த 2009இல் பதிவானது 144 பேர். 2021இல் 3,000ஐத் தாண்டியது. இருபது வருடத்துக்கு முன்னால் வந்தவர்களின் அனுபவம் இந்த ஒரு விஷயத்தில் நமக்குப் பாதுகாப்பு இல்லை.

இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன். நாள்காட்டியைப் பார்ப்பதில்லை, வெப்பத்தைப் பார்க்கிறேன். 4 டிகிரிக்கு மேல் போனால், அது நவம்பரோ ஜனவரியில் பனி உருகும் நாளோ, காட்டுப்பக்கம் போனால் நீளமான வெளிர் நிற பேன்ட், அதைக் காலுறைக்குள் செருகிக்கொள்வேன், வெளிர் நிறத்தில் உண்ணி ஊர்வது தெரியும். டீட் அல்லது இக்காரிடின் உள்ள பூச்சி விரட்டியைக் காலில் அடித்துக்கொள்வேன். பாதையின் நடுவில்தான் நடப்பேன், இலைமேல் உட்காருவதில்லை. வீட்டுக்கு வந்ததும் துணியைத் துவைப்பதற்கு முன்னால் டிரையரில் அதிகச் சூட்டில் 10 நிமிடம் ஓடவிடுவேன். குளிர்ந்த அல்லது வெதுவெதுப்பான தண்ணீரில் வெறுமனே துவைத்தால் உண்ணி சாகாது, காய்ந்த சூடு கொன்றுவிடும். இரண்டு மணி நேரத்துக்குள் குளித்துவிடுவேன். தனியாக இருப்பவர்களுக்குத் தன் முதுகைத் தானே பார்ப்பது பெரிய சங்கடம், போன் கேமராவை டைமரில் வைத்துப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்துக்கொள்ளலாம். முழங்கால் மடிப்பு, அக்குள், தொப்புள், இடுப்பு நாடா இருக்கும் இடம், காதுக்குப் பின்னால், தலைமுடி ஆரம்பிக்கும் இடம், இவைதான் அதற்குப் பிடித்த இடங்கள். முடி அடர்த்தியாக இருந்தால் விரல் நுனியால் தடவிப் பாருங்கள், கண்ணைவிட விரலுக்குச் சீக்கிரம் தட்டுப்படும்.

ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் பதற வேண்டாம். பெரும்பாலும் 24 மணி நேரத்துக்கு மேல் ஒட்டியிருந்தால்தான் கிருமி நமக்குள் வருகிறது, அதனால் அன்றைக்கே எடுத்துவிட்டால் ஆபத்து மிகவும் குறைவு. நம் ஊரில் மண்ணெண்ணெய் விடுவோம், சூடு வைப்போம், அதெல்லாம் இங்கே கூடாது, அதன் வயிற்றில் இருப்பது நம் உடம்புக்குள் வந்துவிடும். நுனி கூரான இடுக்கியால் தோலை ஒட்டித் தலைப்பக்கத்தைப் பிடித்து, திருகாமல், நேராக மேலே மெதுவாக இழுக்க வேண்டும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். எடுத்த உண்ணியைத் தூக்கி எறியாமல் சின்ன டப்பாவில் போட்டு வையுங்கள், ஈடிக் (eTick) என்ற கனடிய இணையதளத்தில் படத்தை ஏற்றினால் என்ன வகை என்று சொல்லிவிடுவார்கள், இலவசம். கருங்கால் உண்ணி, 24 மணி நேரத்துக்கு மேல் ஒட்டியிருக்கலாம் என்றால், எடுத்த 72 மணி நேரத்துக்குள் டாக்ஸிசைக்ளின் 200 மில்லிகிராம் ஒரே ஒரு முறை போட்டால் லைம் வராமல் தடுக்க முடியும். இதற்கு மருத்துவரைத் தேடி அலைய வேண்டியதும் இல்லை. 2023 ஜனவரி 1 முதல் ஒன்டாரியோவில் மருந்துக்கடையில் இருக்கும் பார்மசிஸ்டே உண்ணிக் கடிக்கு இந்த மருந்தை எழுதித் தரலாம்.

வீட்டுக் கொல்லையில் இலை கூட்டுவதும் இதில் சேரும். காட்டை ஒட்டிய வீடு என்றால், நவம்பர் வெயிலில் கையுறை இல்லாமல் இலையை அள்ளிப் பையில் போடுகிற வயதானவர்களைப் பார்த்தால் சொல்லுங்கள். நாய் வைத்திருப்பவர்கள் நாயையும் தடவிப் பாருங்கள்.

என் முகம் இரண்டு மாதத்தில் பெரும்பாலும் திரும்பிவிட்டது. சோர்வாக இருக்கும்போது வலது இமை கொஞ்சம் தாழ்கிறது. குணமான பிறகு சந்தேகத்தில் மறுபடி ரத்தப் பரிசோதனை எடுக்கப் போனேன், அந்த எதிர்ப்பொருள் வருடக்கணக்கில் ரத்தத்தில் இருக்கும், பாசிட்டிவ் என்று வந்தால் நோய் இருக்கிறது என்று அர்த்தமில்லை, எடுக்க வேண்டாம் என்று விளக்கி அனுப்பினார்கள். ஒரு தடவை வந்தவருக்கு மறுபடி வராது என்பதும் கிடையாது, ஒவ்வொரு கடியும் புதுக் கடிதான். கணவர் இப்போது இங்கே வந்துவிட்டார். வெயில் அடித்தால் ரூஜுக்குப் போகிறோம், வந்ததும் ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துவிட்டுத்தான் சமையலறைப் பக்கமே போகிறோம்.